வியாழனுக்கு மறுநாள், ஆறு மணி வரை

எங்கள் ஊர் நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் பதினேழு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். அரசு வீட்டுக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் திறந்து பார்க்க வேண்டும். யார் இறந்தார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். வருடத்துக்கு முப்பது வீடு வந்தால் அது நல்ல வருடம். கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். நான் ஒருமுறை போட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடிக்கும். அந்த முப்பது ஃபோன் அழைப்புகளுக்காகவே பிடிக்கும். பத்து வருடம், பதினைந்து வருடம் காத்திருந்தவரிடம் "உங்க முறை வந்திருச்சு" என்று சொல்கிற வாய் என்னுடையது. மறுமுனையில் சிலர் அழுவார்கள், சிலர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் "சரி, மாடு கறந்துட்டு வர்றேன்" என்றார்.

இதில் ஒரே ஒரு குறை. எங்கள் ஜனங்களில், நல்ல செய்தி கொண்டுபோகிறவர் சும்மா சொல்லமாட்டார். வாசலிலிருந்தே "சுயின்ஷி!" என்று கத்துவார். கேட்டவர், என்ன செய்தி என்று விசாரிக்கும் முன்பே, வேண்டியதை எடுத்துக்கொள் என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டும். சால்வையோ ஆட்டுக்குட்டியோ, கையில் இருக்கும் மோதிரமோகூடப் போகும். கொடுக்கிறவருக்கும் அதில்தான் சந்தோஷம். ஆனால் அரசு ஊழியர் யாரிடமும் எந்தப் பரிசும் கேட்கக் கூடாது. அந்த வார்த்தையை அலுவலக ஃபோனில் சொன்னால் லஞ்சம் கேட்டதாகிவிடும் என்று எங்கள் அதிகாரி கைசர் சுற்றறிக்கையே விட்டிருக்கிறார். வயது முப்பத்தொன்று, கழுத்துப்பட்டி கட்டாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆகவே நான் வறண்ட குரலில் "உங்கள் விண்ணப்பம் தொடர்பாக ஒரு தகவல்" என்று ஆரம்பிப்பேன். வாழ்நாள் செய்தியை மின்தடை அறிவிப்பு மாதிரி படிப்பேன். நானூறு தடவைக்கு மேல் அந்த ஒரு வார்த்தை என் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

நான் வாயில் எடுக்காத இன்னொரு வார்த்தையும் உண்டு. அதைச் சட்டம் தடுக்கவில்லை. மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயர் எந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தாலும் அதையும் சொல்லக் கூடாது. என் மாமனாரின் பெயரும் வாரத்தில் ஒரு நாளின் பெயரும் ஒன்று. எந்த நாள் என்று நானாக எழுதக் கை வரவில்லை. வியாழனுக்கு அடுத்தது, சனிக்கு முந்தையது. தங்கமான மனுஷர், போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. "ஆபீஸ் போற பொண்ணு, தாராளமா சொல்லிக்கோம்மா" என்று அவரே அனுமதி கொடுத்தார். நாக்குத்தான் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் "வியாழனுக்கு மறுநாள்" என்பேன். முதலில் சிரித்தார்கள், இப்போது கைசர்கூடக் கூட்டத்தில் என்னிடம் "வியாழனுக்கு மறுநாள் அறிக்கை வேணும், மக்பால் அக்கா" என்றுதான் கேட்கிறார்.

இத்தனை விவரமும் எதற்கு என்றால், போன அக்டோபரில் நான் செய்த தப்பு எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வீடு காலியானது. மூன்று அறை, மூன்றாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே பாப்லர் மரங்கள். நானே போய்ப் பார்த்தேன். சமையலறையில் ஜன்னலோரம் மேஜை போட இடம் இருந்தது. பெரிய குடும்பங்களின் பட்டியலில் முதல் எண் உல்மெகென். 2006 ஜனவரியில் பதிந்தவள். நான்கு பிள்ளைகள். கணவன் மெய்ராம், தெமிர்ஹான் என்பவரின் மகன், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் வேலை. பத்தொன்பது வருடம் காத்திருக்கிறாள். மூன்றாம் எண்ணிலேயே மூன்று வருடம் நின்றவள், அந்தக் கோடையில் முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து வீடு வந்ததால் திடீரென்று முதலாவதாகிவிட்டாள். அது அவளுக்கே தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஃபோன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். அன்றிலிருந்து பத்து வேலை நாள். அதற்குள் ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வீடு அடுத்த எண்ணுக்குப் போகும். அதோடு போகாது, தகவல் தராதவர் என்று பெயரும் பட்டியலிலிருந்து நீங்கும். மறுபடி சேர வேண்டும் என்றால் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

எட்டாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. "அப்படி ஒரு வீடு இல்லை" என்று தபால்காரர் எழுதியிருந்தார். முகவரி கராஜோல் தெரு, 41. ஜனவரியில் வருடாந்திரச் சரிபார்ப்புக்கு வந்தபோது அவளே என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னது, நானே தட்டச்சு செய்தது. அடையாள அட்டையில் இருந்த முகவரி இடித்துத் தள்ளிய ஒரு விடுதி. அங்கே இப்போது டயர் கடை இருக்கிறது.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு நானே கராஜோலுக்குப் போனேன். நான்கு வருடம் முன்பு ஊர்த் தெருக்களுக்கெல்லாம் பெயர் மாற்றியபோது முளைத்த பெயர் அது. கராஜோல் என்றால் கருப்புப் பாதை. ஊரின் தெற்குக் கோடி. இருபத்தெட்டாம் எண்ணோடு வீடுகள் தீர்ந்து தானியக் கிடங்கின் சுவர் வந்துவிட்டது. பதினாலை நாற்பத்தொன்று என்று மாற்றி அடித்திருப்பேனோ என்று பதினாலாம் வீட்டையும் தட்டினேன். ஒரு நாய் வந்தது, பிறகு ஒரு கிழவர் வந்தார். இரண்டு பேருக்கும் உல்மெகெனைத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒரின்பாசர் வந்தான்.

அவன்தான் இரண்டாம் எண். ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிறான். வியாழன் அவனுக்கு விடுமுறை. விடுமுறையன்று மீன் பிடிக்கப் போகிறவர்கள் உண்டு, இவன் என் அறைக்கு வந்து பட்டியலில் தன் எண்ணைப் பார்த்துவிட்டுப் போவான். இணையத்தில் பார்க்கலாமே என்றால், "அதுல பார்த்தா நம்பிக்கை வரமாட்டேங்குது, உங்க மூஞ்சியப் பார்த்தாதான் வருது" என்பான். ஒரின்பாசர் என்றால் இன்னொருவர் இடத்தை நிரப்புகிறவன் என்று அர்த்தம். "பேரு வெக்கும்போதே எங்கம்மா என்னை ரெண்டாவதுல போட்டுட்டாங்க அக்கா" என்று அவனே கேலி செய்துகொள்வான். மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவனுமாக ஒன்றரை அறையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் துவைக்கும் இயந்திரத்தின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

அவனுக்கும் உல்மெகெனுக்கும் பழைய பழக்கம். 2006 ஜனவரி கதையை என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பான். முப்பது டிகிரி உறைகுளிர், விடியும் முன்பே நகராட்சி வாசலில் வரிசை. அவனுக்கு முன்னால் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு இவள். அவன் கால் மரத்துப்போய் எதிர்க்கடைக்கு டீ வாங்க ஓடியிருக்கிறான். திரும்புவதற்குள் மூன்று தடியர்கள் அவன் இடத்தில் புக வந்திருக்கிறார்கள். இவள் கையை விரித்துக்கொண்டு நின்று, "அந்த இடத்துல ஆள் இருக்கு" என்றாளாம். தள்ளியும் நகரவில்லையாம். வாங்கி வந்த டீயில் பாதியை அவளுக்குக் கொடுத்தானாம்.

வீடு காலியானதும் உல்மெகெனுக்குக் கடிதம் போனதும் போன வாரமே அவனுக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை அவன் பட்டியலைப் பார்க்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"வந்துட்டாங்களா, அக்கா?"

"யாரு?"

"எனக்கு முன்னாடி இருக்கறவங்க."

இல்லை என்றேன். நாளை ஆறு மணி வரை நேரம் இருக்கிறது, அதற்கு மேல் கைசர் ஒரு நிமிடம்கூடத் தரமாட்டார் என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டான். ஊரெல்லாம் பஸ் ஓட்டுகிறவனாயிற்றே, அவள் வீடு எங்கே என்று தெரியுமா என்று கேட்டேன்.

"ஊரு ரொம்பப் பெருசாயிடுச்சு, அக்கா" என்றான்.

இது தெரியும் என்பதும் இல்லை, தெரியாது என்பதும் இல்லை. பதினேழு வருடம் மனிதர்களிடம் முகவரி கேட்டவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? ஆனால் நான் மேலே கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் இவனுக்கே கிடைக்கட்டுமே என்றுகூட நினைத்தேன். ஜன்னலோர மேஜையில் அந்தப் பிள்ளைகள் நோட்டை விரிப்பது கண்ணுக்குள் வந்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு என் மேலேயே கோபம் வந்தது. அவன் பட்டியலைப் பார்க்காமலே எழுந்து போனான்.

மறுநாள், அதாவது வியாழனுக்கு மறுநாள், மூன்றரை மணிக்கு வாசலில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் ஒன்பதாம் நம்பருக்கு நிறுத்தம் உண்டுதான், ஆனால் ஓட்டுநர் இறங்கி இரண்டு மாடி ஏறி வரும் வழக்கம் இல்லை. ஒரின்பாசர் மூச்சு வாங்க நின்றான்.

"அக்கா, நேத்து நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல."

"ஊரு பெருசாயிடுச்சுன்னியே."

"பெருசாயிடுச்சுதான். ஆனா அவங்க என் பஸ்ஸுலதான் போறாங்க வர்றாங்க." அவன் என்னைப் பார்க்கவில்லை, என் மேஜைமேல் இருந்த கள்ளிச்செடியைப் பார்த்துச் சொன்னான். "புதன்கிழமை உருளைக்கிழங்கு மூட்டையோட ஏறுனாங்க. நமக்கெல்லாம் எப்பதான் வரும் தம்பின்னு கேட்டாங்க. அப்பதான் இவங்களுக்கு விஷயமே தெரியாதுன்னு எனக்குப் புரிஞ்சுது. வரும், வரும்னு சொல்லி டிக்கெட்டக் கொடுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன்."

நேற்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னானாம். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வீட்டில் நான் தொட்டிலுக்குக்கூட ஆணி அடிக்கமாட்டேன், போய்ச் சொல்லிவிட்டு வா, இல்லையென்றால் உன் பஸ்ஸிலேயே படுத்துக்கொள் என்றாளாம். காலையிலிருந்து நான்கு நடை எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறான். ஐந்தாவது நடையில் இறங்கிவிட்டான்.

"எங்க இருக்கா?"

"தெமிர்ஜோல் ஸ்டாப்பு. பச்சை கேட்டு, நாப்பத்தொண்ணு."

"என்கிட்ட கராஜோல்னு சொன்னாளே. நான்தான் எழுதுனேன்."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. அன்னைக்கு வரிசையிலகூட எங்க வீட்டுக்காரர் கராஜோல்ல வேலை பாக்கறார்னாங்க. சரி, தார் போடறவர்னு நெனச்சேன். விடிஞ்சதும் அவரே அவங்களுக்கு ரொட்டி எடுத்துட்டு வந்தாரு பாருங்க, ரயில்வே கோட்டு!"

தெமிர் என்றால் இரும்பு. தெமிர்ஜோல் என்றால் இருப்புப் பாதை. அவள் மாமனார் தெமிர்ஹான். பெயர் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, வருடா வருடம் நான் புரட்டுகிற பக்கம். இரும்பு என்ற சொல்லை அவள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லியிருக்கமாட்டாள். இரும்பு வாளி அவளுக்குக் கருப்பு வாளி, இருப்புப் பாதை கருப்புப் பாதை. அவள் பொய் சொல்லவில்லை, தவறியும் சொல்லவில்லை. எங்கள் ஜனங்களில் மருமகள்கள் எல்லாரும் பேசுகிற பாஷையில்தான் முகவரியைச் சொன்னாள். அதே பாஷையில் இருபத்தாறு வருடமாக ஒரு நாளின் பெயரையே விழுங்கிக்கொண்டிருக்கும் நான், அதைக் காதில் வாங்கி, அப்படியே எந்திரம் மாதிரி தட்டச்சு செய்தேன். இந்த வழக்கம் தெரியாத ரஷ்யக்காரி ஒருத்தி எழுதியிருந்தால் மன்னிக்கலாம். என்னை எதில் சேர்ப்பது?

கைசரிடம் ஓடினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு அக்கா. ஆறு அஞ்சுக்கு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கெட்டவர் இல்லை, விதிப்படி நடக்கிறவர். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

அவசரமாகப் போகிறவர்கள் டாக்சியில்தான் போக வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த நேரம் ஒரு டாக்சிக்காரரும் ஃபோனை எடுக்கவில்லை. பஸ்ஸில் பதினான்கு நிறுத்தம். ஒரின்பாசர் ஒரு நிறுத்தத்தையும் விட முடியாது, வண்டி எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்று டெப்போவில் திரையில் தெரியும். சந்தையில் முப்பது பேர் ஏறினார்கள். ஒரு பெண்மணி தள்ளுவண்டியை ஏற்ற முடியாமல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கி நானே தூக்கிப் போட்டேன், அவள் என்னைக் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டு சில்லறை கேட்டாள். தெமிர்ஜோல் வரும்போது நாலு நாற்பது.

பச்சை கேட் நிறுத்தத்துக்கு நேரெதிரே இருந்தது. வேலிக்கு உள்ளே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஈரப் போர்வை, வாயில் இரண்டு க்ளிப். உல்மெகென்தான். நான் படியில் இறங்கி, வழக்கமான அந்த வறண்ட குரலை எடுக்க ஆரம்பித்தேன். "உல்மெகென், உங்கள் விண்ணப்பம் தொடர்பாக..."

"சுயின்ஷி!"

எனக்குப் பின்னால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரின்பாசர் கத்தினான். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி மறுபடியும் கத்தினான். "சுயின்ஷி, அக்கா, சுயின்ஷி!"

அவன் ஓட்டுவது தனியார் பஸ், அவன் அரசு ஊழியன் இல்லை. அவன் கேட்கலாம். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக என் செய்தி அதற்கு உரிய வார்த்தையோடு போய்ச் சேர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் பஸ் படியில் நின்று அழுதேன்.

உல்மெகென் வாயிலிருந்து க்ளிப்பை எடுத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை, வழக்கப்படி, "எது வேணுமோ எடுத்துக்கோ தம்பி" என்றாள். அப்புறம்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். போர்வை தரையில் விழுந்தது.

"டீ" என்றான் ஒரின்பாசர். "சூடா, பால் நெறைய. இருபது நிமிஷத்துல கடைசி ஸ்டாப்பு போய்த் திரும்பி வருவேன். ரெடியா நில்லுங்க, அடையாள அட்டைய மறந்துடாதீங்க."

பின்னாலிருந்து பயணிகள் திட்ட ஆரம்பித்தார்கள். செய்தி என்ன என்று தெரிந்ததும் திட்டியவர்களே வாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை திட்டினார், அவருக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

ஐந்து மணிக்கு எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஏறினோம். அவள் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள், காலில் மட்டும் முற்றத்துச் செருப்பு. மடியில் பிளாஸ்க். சிவப்பு விளக்குகளில் அவன் டீ குடித்தான். பாதியைக் குடித்துவிட்டு மூடியை அவள் பக்கம் நீட்டினான். புதன்கிழமை சொல்லாமல் விட்டதை அவளிடம் அங்கேயே சொன்னான். அவள் மூடியை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நானா இருந்தா இன்னும் ஒரு நாள் சேர்த்து யோசிச்சிருப்பேன்" என்று சொல்லி மீதியைக் குடித்தாள்.

அலுவலகம் வரும்போது ஐந்து முப்பத்தெட்டு. கைசர் கழுத்துப்பட்டியோடு காத்திருந்தார். முகவரி ஏன் மாறியது என்று விண்ணப்பதாரர் வாய்மொழியாக விளக்கம் தர வேண்டும், அது பதிவாக வேண்டும், அப்போதுதான் கடிதம் சேராதது அவள் தவறில்லை என்றாகும் என்றார். பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்தார்.

"நீங்க வசிக்கிற தெரு எது?"

உல்மெகென் என்னைப் பார்த்தாள். "கராஜோல்."

"அது கடிதம் போன தெரு. வசிக்கிற தெரு?"

"அதான் சொல்றேன், கராஜோல். ரயில் போகுமே, அது பக்கத்துல."

கைசர் பேனாவை வைத்தார். ஐந்து நாற்பத்து நாலு. அந்தத் தெருவின் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும், ஒரே சொல், பத்தொன்பது வருடக் காத்திருப்பு முடிந்தது என்று பொறுமையாகத்தான் விளக்கினார். அவள் வாயைத் திறந்தாள். "தெ" என்றாள். மூடிக்கொண்டாள். "அவரு இன்னும் இருக்காரு, சார்" என்றாள். "எம்பத்திரண்டு வயசு. காலைல நான்தான் காலுக்கு மேஜோடு போட்டுவிட்டு வந்தேன். அவரு பேரை நான் எப்படி..."

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அந்தத் தொண்டைக்குழி தெரியும்.

"சார், அவ சொல்லமாட்டா" என்றேன். "தெமிர்ஜோல். தெமிர்ஜோல் தெரு, நாப்பத்தொண்ணு. அவ சொல்ல முடியாததால நான் சொல்றேன்னு பதிவு பண்ணிக்கோங்க. அவர் என் மாமனார் இல்லை, எனக்குச் சுளுவா வரும். தப்பா எழுதுனதும் நான்தான், அதையும் சேர்த்துப் பதிவு பண்ணிக்கோங்க."

 எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது நியாயம்தான். கைசர் கருவியை என் பக்கம் நகர்த்தினார். "சரி. சாட்சி மக்பால். சாட்சி தன் பெயர், தேதி, கிழமை எல்லாத்தையும் வாயால சொல்லணும்."

பெயர் சொன்னேன். தேதி சொன்னேன். கிழமை வந்தது. "வியாழனுக்கு மறு..." என்று ஆரம்பித்தேன்.

"பதிவுல அப்படிச் சொல்ல முடியாது, அக்கா."

ஐந்து ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் வந்து முட்டியது. என் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"வெள்ளிக்கிழமை" என்றாள் உல்மெகென். சத்தமாக, கருவியின் பக்கம் குனிந்து, பள்ளிப் பிள்ளை பதில் சொல்வது மாதிரி. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சார். அக்காவுக்காக நான் சொல்றேன். எனக்கும் சுளுவா வரும்."

கைசர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தியதை அன்றுதான் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கியது. ஐந்து ஐம்பத்தாறுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். வாசலில் வண்டியை நிறுத்திவைத்ததற்காக ஒரின்பாசருக்கு டெப்போவிலிருந்து மூன்றாவது ஃபோன் வந்துகொண்டிருந்தது.

அவள் பெயரை நீக்கியதும் கீழே இருந்தவர்கள் எல்லாம் ஒரு படி ஏறினார்கள். அடுத்த வியாழக்கிழமை அவன் வந்து தன் எண்ணைப் பார்த்தான். ஒன்று. "எங்கம்மா வெச்ச பேரு பொய்யாப் போச்சே" என்றான். குளிர்காலம் முழுக்க வந்தான். ஒன்று ஒன்றாகவே இருந்தது. பனி உருகியது.

மே மாதம் ஒரு வீடு காலியானது. மூன்று அறை, இரண்டாவது மாடி. ஃபோனை எடுத்தேன், அவன் எண்ணை அழுத்தவில்லை. உல்மெகெனை அழைத்து, எனக்குத் தப்பாக ஒரு நம்பர் விழுந்துவிட்டது, நான் எதுவும் சொல்லவில்லை, நீ எதுவும் கேட்கவில்லை, ஆனால் நமக்குத் தெரிந்த ஒருத்தருக்கு நாளைக் காலை நான் ஒரு வறண்ட தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். அவள் வைத்துவிட்டாள். பிறகு நடந்ததை எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவள் புது வீட்டிலிருந்து பழைய நிறுத்தத்துக்கே போய் நின்றாளாம். ஒன்பதாம் நம்பர் வந்தது, ஒலிபெருக்கி நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது, அவள் முன்கதவில் ஏறி ஓட்டுநரின் காதுக்குப் பக்கத்தில் மெதுவாக, "சுயின்ஷி, தம்பி" என்றாள். அவன் கைப்பிரேக்கை இழுத்தான். ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் மட்டும் ஆடியது.

பின்னால் இருந்தவர்களுக்கு அவன் தலை தெரியவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று, "என்னம்மா, இந்த வண்டிக்கு டிரைவரே இல்லையா?" என்று கத்தினார்.

உல்மெகென் அவன் இருக்கைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "அந்த இடத்துல ஆள் இருக்கு."

வண்டி அன்று நாலு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.